துடைப்பதற்கு முன் வெளிச்சம் காட்டுங்கள்: ஓவியத்தை ஒளியால் பரிசோதித்துக் காப்பது எப்படி?

திருச்சிப் பக்கம் ஒரு வீட்டில் பூஜை அறையிலிருந்த வெண்ணெய்க் கிருஷ்ணன் படத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். தலைமுறைகளாக அந்தக் குடும்பத்தில் இருந்த தஞ்சாவூர்ப் பலகைப் படம். புகைக்கறை படிந்துவிட்டதே என்று கண்ணாடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்திருக்கிறார் வீட்டுப் பாட்டி. கறை போகவில்லை. கிருஷ்ணனின் கன்னத்து நிறம் துணியோடு வந்துவிட்டது. அந்தத் துணியைத் தூக்கிப் போட மனமில்லாமல் மடித்துப் படத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

பழைய பலகைப் படங்களில் வண்ணப்பொடியைப் பிடித்து நிறுத்தியிருப்பது பிசின். பிசின் தண்ணீரில் கரையும். துடைப்பதற்கு முன்னால் பக்கவாட்டிலிருந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால், வண்ணத்தின் மேல் வார்னிஷ் எதுவும் இல்லை என்பதும், ஓரங்கள் செதில் செதிலாக எழும்பி நிற்பதும் தெரிந்திருக்கும். துணி எடுத்த கை கொஞ்சம் தயங்கியிருக்கும்.

ஓவியத்தைத் தொடாமலே அதனிடம் கேள்வி கேட்க நமக்குக் கிடைத்திருப்பது வெளிச்சம். எந்தக் கோணத்தில் அடிக்கிறோம், எந்த அலைநீளத்தில் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு பதில் வரும். ஆனால் அந்த வெளிச்சமே நிறத்தைத் தின்னவும் செய்யும். அதனால் தீங்கு குறைவான, செலவு குறைவான ஒளியில் ஆரம்பித்து, தேவை இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. முதல் நான்கு படிகளை வீட்டிலேயே செய்யலாம். ஐந்தாவதைக் கொஞ்சம் முயன்றால் செய்யலாம். ஆறாவது ஆய்வுக்கூடத்து வேலை.

ஆரம்பிக்கும் முன்

இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, ஆடாத மேசை, ட்ரைபாட், ஒரே மாதிரியான இரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஒரு டார்ச். இவ்வளவு போதும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். அதற்குக் குறைந்த விளக்கில் சிவப்பு உயிரில்லாமல் தெரியும்.

வண்ணம் உதிர்கிற படமாக இருந்தால் சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள், நிமிர்த்தி வைக்காதீர்கள். முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்து, கேமராவை மேலிருந்து கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். உதிர்ந்த துணுக்குகள் சட்டத்துக்குள் கிடந்தால், அவை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒரு காகித உறையில் போட்டு எந்த மூலையில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். பின்னால் அதை ஒட்ட ஆள் வரலாம்.

முதல் படி: சாதாரண வெளிச்சம்

இரண்டு விளக்குகளையும் படத்தின் இரு பக்கமும் சுமார் 45 டிகிரி கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியோ பட்டர் பேப்பரோ கட்டினால் வெளிச்சம் பரவலாக விழும். ஜன்னலை மூடிவிடுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் நிறம் நம்பத்தக்கதாக இருக்காது. ஓரத்தில் ஓர் அளவுகோலும், சாம்பல் நிற அட்டை கிடைத்தால் அதுவும் இருக்கட்டும்.

முழுப்படம் ஒன்று, நான்கு மூலைகள், முகம், கை, பழுதான இடங்கள் என்று எடுங்கள். பிறகு பின்பக்கம். பலர் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கு அங்கேதான் பாதிக் கதை கிடைத்திருக்கிறது: சட்டம் போட்ட கடையின் சீட்டு, கரையான் அரித்த தடம், பழைய பலாமரப் பலகையா பின்னால் வந்த பிளைவுட்டா என்பது, ஈரம் ஏறிய கோடு.

தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடும்) கண்ணாடிக் கல்லும் பதித்த படத்தில் எந்தக் கோணத்தில் விளக்கு வைத்தாலும் எங்காவது கண்ணைக் கூசும். அதற்கு ஒரு வழி உண்டு. இரு விளக்குகளின் முன்னாலும் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள், கேமரா லென்ஸின் முன்னால் போலரைசர் வடிகட்டி. லென்ஸில் இருப்பதை மெல்லச் சுழற்றினால் ஒரு கட்டத்தில் கூச்சம் அப்படியே அணைந்துவிடும். வார்னிஷ் பளபளப்புக்கு அடியில் இருக்கும் வண்ணம் அப்போது தெளிவாகத் தெரியும். தங்கம் மட்டும் கறுத்துத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உலோகத்தின் மின்னலை எடுத்துவிட்டால் மிச்சம் அதுதான்.

இரண்டாம் படி: சாய்வொளி

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான் இதில் செலவிடும் நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

அறையை இருட்டாக்கி, விளக்கைப் படத்தின் ஓரத்தில், தளத்தோடு ஒட்டினாற்போல் வையுங்கள். கோணம் 5 முதல் 20 டிகிரிக்குள். சாயங்கால வெயில் வயலில் விழும்போது சின்ன வரப்புக்கும் நீண்ட நிழல் விழுமே, அதேதான் இங்கும் நடக்கிறது. நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த படம் மேடும் பள்ளமுமாக மாறிவிடும்.

கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமும் நகர்த்தி நான்கு படம் எடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தெரியாத விரிசல் இன்னொரு பக்கத்திலிருந்து தெரியும். எந்தப் பக்கத்து விளக்கு என்று எழுதி வைக்காவிட்டால் பின்னால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றிக் குழப்பும்.

கேன்வாஸ் எண்ணெய் ஓவியத்தில் கவனிக்க வேண்டியவை: விளிம்பு மேலெழும்பிக் கிண்ணம்போல் குழிந்த வண்ணத் துண்டுகள், மூலையில் துணி தொய்ந்து விழுந்த அலைகள், பின்னால் கட்டை இடித்த தடம், தூரிகை போன போக்கு. மேலே தெரியும் உருவத்தோடு ஒட்டாத தூரிகைத் தடம் இருந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அது உதவும்.

பலகைப் படத்தில் வேறு கதை. பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு போட்டு, மக்கு வைத்து நகைகளையும் தூண்களையும் உயர்த்தி, மேலே ரேக்கு ஒட்டியிருப்பார்கள். சாய்வொளியில் மக்கு வேலை மலைத்தொடர் மாதிரி எழும்பும். அந்த அழகில் மயங்கிவிடாமல், தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய உப்பல் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே துணி பலகையை விட்டுவிட்டது. விரலால் அழுத்திப் பார்க்கத் தோன்றும். அழுத்தினால் பூச்சு நொறுங்கும். ரேக்கின் ஓரம் காகிதம்போல் சுருண்டிருந்தால் அந்தப் பக்கம் தூசி தட்டும் தூரிகைகூடப் போகக் கூடாது.

மூன்றாம் படி: பளபளப்பும் பின்னொளியும்

இவை இரண்டும் சீக்கிரம் முடிந்துவிடும். விளக்கின் பிம்பம் படத்தின்மேல் விழுந்து நேராகக் கண்ணுக்குத் திரும்பும்படி நின்று பாருங்கள். வார்னிஷ் ஒரே சீராக இருக்கிறதா, யாரோ ஓரிடத்தில் மட்டும் துடைத்து மங்கலாக்கியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

பின்னொளி கேன்வாஸுக்கு மட்டும்தான், பலகைக்கு வேலைக்காகாது. சூடாகாத எல்.இ.டி. பலகையைப் பின்னால் வைத்து, அறையை இருட்டாக்கி முன்னாலிருந்து பாருங்கள். ஊசித் துளைகளும், வண்ணம் உதிர்ந்த விரிசல்களும், மெலிந்து போன துணியும் நட்சத்திரம்போல் ஒளிவிடும். பின்னால் இன்னொரு துணி ஒட்டியிருந்தால் எதுவும் தெரியாது. அதுவே ஒரு தகவல்: யாரோ முன்பே பழுதுபார்த்திருக்கிறார்கள்.

நான்காம் படி: புற ஊதா ஒளி

1903ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்திப் புற ஊதாவை மட்டும் விடும் ஒரு கண்ணாடியை உருவாக்கினார். இன்றும் தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வுட்ஸ் விளக்கு அதிலிருந்து வந்ததுதான். ஓவியத்துக்கும் அதே கொள்கை. புற ஊதா விழும்போது சில பொருள்கள் தாமாகவே வேறு நிறத்தில் ஒளிரும், சில கறுத்தே இருக்கும்.

டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டதை, முன்னால் கறுப்பு வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். மெல்லிய ஒளிர்வெல்லாம் அதில் மூழ்கிப்போகும். கண்ணுக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள். மொத்தமாகச் சில நிமிடங்களுக்குள் முடித்துவிடுங்கள்.

வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சட்டையோ அணிந்துகொண்டு போகாதீர்கள். சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி புற ஊதாவில் நீல வெள்ளையாகக் கொழுந்துவிட்டு எரியும், அந்த வெளிச்சம் படத்தின்மேல் படிந்து ஏமாற்றும். அந்த வெண்மையூட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலானவை. ஆகையால் நூற்றைம்பது வருடப் படம் என்று சொல்லி விற்கிற ஒன்றின் துணியே அப்படி ஒளிர்ந்தால் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பின்னால் யாராவது புதுத்துணி ஒட்டியிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூடிய கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு பாருங்கள்.

பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மஞ்சள் மூட்டமாக ஒளிரும். அந்த மூட்டத்தின்மேல் கறுப்பாகவோ கருஊதாவாகவோ தெரியும் திட்டுகள், பெரும்பாலும் வார்னிஷுக்குப் பிறகு யாரோ வைத்த ஒட்டு வண்ணம். அரக்கு பூசியிருந்தால் ஆரஞ்சு ஒளி வரும். துத்தநாக வெள்ளை எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், டைட்டேனியம் வெள்ளை இருண்டு நிற்கும். டைட்டேனியம் வெள்ளை சந்தைக்கு வந்ததே முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில். 1880இல் வரைந்ததாகச் சொல்லப்படும் முகத்தில் அது இருந்தால், அந்த முகத்தில் பிறகு யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வந்தவர்கள் அதிகம். கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒட்டு வண்ணம் அல்ல. செம்பு கலந்த பச்சைகளும் மண் நிறங்களும் இயல்பாகவே இருளும். ஒட்டு வண்ணத்துக்கு மேலேயே புதிதாக வார்னிஷ் பூசி மறைத்திருந்தால் மோசடி தெரியாமலும் போகும். ஒவ்வொரு திட்டையும் முதல் படியில் எடுத்த படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நம் வீட்டுப் படங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. பூஜைக்கு வைக்கும் மஞ்சள்தூள் புற ஊதாவில் பளீரென்று பச்சை மஞ்சளாக ஒளிரும், அதிலுள்ள குர்குமின்தான் காரணம். பூஜை அறைப் படத்தில் தெறித்த மஞ்சள் நீரும் விளக்கின் எண்ணெய்த் துளியும் பார்ப்பதற்கு வார்னிஷ் மாதிரியே தோன்றும். சாமியின் பாதத்தருகிலும் நெற்றியருகிலும் மட்டும் ஒளிர்வு இருந்தால், ஓவியர் பூசிய வார்னிஷ் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே இருப்பது அந்த வீட்டார் பல காலம் செய்த பூஜை.

ஐந்தாம் படி: அகச்சிவப்பு

புற ஊதா மேற்பரப்பைச் சொல்கிறது, அகச்சிவப்பு அடியில் போகிறது. அலைநீளம் நீளமாக இருப்பதால் பல வண்ண அடுக்குகளில் சிதறாமல் நுழைந்து, அடியிலுள்ள வெள்ளைப் பூச்சில் பட்டுத் திரும்புகிறது. வழியில் கரி இருந்தால் அது விழுங்கிவிடும். அதனால் கரியாலோ பென்சிலாலோ போட்ட முதல் கோட்டுருவம் கறுப்பாக மேலே மிதக்கும். ஓவியர் முதலில் கையை எங்கே வைத்தார், பிறகு எங்கே மாற்றினார் என்பதைப் பார்க்கும் அந்தக் கணம் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தரும். காவியால் கோடு போட்டிருந்தால் மட்டும் ஏமாற்றம், அது மறைந்துவிடும்.

சாதாரண டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கே சுமார் 1000 நானோமீட்டர் வரை பார்வை உண்டு. முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பை எடுத்துவிட்டால் போதும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கென்று அந்தத் தடுப்பு இல்லாமலே வரும் நோ-ஐ.ஆர். கேமரா ஒன்றும், 850 நானோமீட்டர் வடிகட்டியும், சி.சி.டி.வி.க்கு வைக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்கும் இருந்தால் ஆரம்ப வேலை நடக்கும். ஆனால் சில நீலங்களும் பச்சைகளும் இந்த எல்லைக்குள் வழிவிடாது. 1960களின் இறுதியில் நெதர்லாந்தின் வான் ஆஸ்பெரன் த பூர் என்ற இயற்பியலாளர் இன்னும் நீண்ட அலைகளுக்குப் போய் இந்த முறையை வளர்த்தெடுத்தார். இன்று ஆய்வுக்கூடங்களில் 1700 நானோமீட்டர் வரை பார்க்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமராக்கள் இருக்கின்றன.

படிகள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதற்கு வாஷிங்டனில் இருக்கும் கலைக்கூடமான பிலிப்ஸ் கலெக்‌ஷனில் உள்ள பிக்காசோவின் 1901ஆம் ஆண்டு நீல அறை ஓவியத்தைச் சொல்வேன். மேலே குளிக்கும் பெண். தூரிகைத் தடங்கள் அந்தக் காட்சியோடு ஒத்துப்போகவில்லை என்று 1954இலேயே ஓர் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் எழுதி வைத்தார். 1990களில் எடுத்த எக்ஸ்ரேயில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. 2008இல் அகச்சிவப்புப் படம் வந்தபோதுதான், கழுத்தில் போ டை கட்டி, மோதிரம் அணிந்த கையில் தலையைச் சாய்த்திருந்த தாடிக்காரர் ஒருவர் வெளிப்பட்டார். உலகத்துக்கு 2014இல் அறிவித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் கண்ணால் பார்த்துக் குறித்த வரியில் தொடங்கியது அது.

ஆறாம் படி: எக்ஸ்ரேயும் அதற்கு அப்பாலும்

இதை வீட்டில் செய்ய முடியாது, தெரிந்த மருத்துவமனையில் கேட்டு எடுக்கவும் முயலாதீர்கள். எக்ஸ்ரேயை நிறுத்துவது கனமான தனிமங்கள்: ஈய வெள்ளை, பாதரசம் கொண்ட சிவப்பு, தங்கம், ஆணி. இவை வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தத் தனிமம் இருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். 2008இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள டெசி என்ற துகள் முடுக்கி ஆய்வகத்தில் வான்கோவின் புல்திட்டு ஓவியத்தில் இப்படிப் பாதரசத்தையும் ஆண்டிமனியையும் தேடியபோது, அடியிலிருந்த ஒரு பெண்ணின் முகம் கிட்டத்தட்ட வண்ணத்தோடேயே மீண்டது.

ஆனால் எக்ஸ்ரே என்ன இருக்கிறது என்று சொல்லும், யார் மூடினார்கள் என்று சொல்லாது. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியம், திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண், இதற்குச் சரியான பாடம். அவளுக்குப் பின்னால் அப்போது வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்தச் சுவருக்கு அடியில் மன்மதனின் படம் ஒன்று இருப்பது 1979இல் எக்ஸ்ரேயில் தெரிந்தது. வெர்மீரே மனம் மாறி மூடிவிட்டார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். 2017இல் தொடங்கிய ஆய்வில், மன்மதனுக்கும் மேலுள்ள சுவர் வண்ணத்துக்கும் நடுவே பழைய வார்னிஷும் அழுக்கும் படிந்திருப்பது தெரியவந்தது. அழுக்கு படிய வருடங்கள் வேண்டும். ஆகவே மூடிய கை வெர்மீருடையது அல்ல. நுண்ணோக்கியின் கீழ் கத்தி முனையால் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தார்கள். 2021 செப்டம்பரில் மன்மதனோடு படம் காட்சிக்கு வந்தது.

பார்த்ததை வைத்து என்ன செய்வது

எடுத்த எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு டிரேசிங் தாள் வைத்து, உப்பல், விரிசல், ஒட்டு வண்ணம், கறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். இரண்டு வகை ஒளியில் ஒரே சங்கதி தெரிந்தால் அதை உறுதியாக எழுதுங்கள். ஒன்றில் மட்டும் தெரிந்தால் கேள்விக்குறி போடுங்கள்.

மேலே இருப்பது பிற்காலத்தது என்று தெரிந்ததுமே அதை எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பது தவறு. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே மேலடுக்கும் ஓர் ஓவியம். நூற்றாண்டுகளாக மக்கள் கண்டது. தொல்லியல் துறையினர் பின்னாளில் நாயக்கர் ஓவியங்களை அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் பொருத்தி, இரண்டையும் காப்பாற்றினார்கள். ட்ரெஸ்டனில் செய்தது அங்கே சரி, தஞ்சையில் செய்தது இங்கே சரி. எதை எடுக்கலாம் என்ற கேள்விக்கு எந்த விளக்கும் பதில் சொல்லாது, மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் பங்கு இதுவரைதான். சுத்தம் செய்வதும் ஒட்டுவதும் பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது, லக்னோவில் கலைப்பொருள்களுக்கான தேசியப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. நீங்கள் எடுத்த படங்களோடு போனால் பேச்சு முதல் நிமிடத்திலேயே சரியான இடத்தில் தொடங்கும்.

கடைசிப் படி: மாட்டும் இடத்து வெளிச்சம்

பரிசோதனைக்குச் சில நிமிட வெளிச்சம். சுவரில் தினமும் பல மணி நேரம். கெடுப்பது பின்னதுதான். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. வான்கோ 1888இல் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். அதிலிருந்த சிவப்பு மங்கிவிட்டதால் இன்று நாம் காண்பது நீலச் சுவர்.

அருங்காட்சியகங்கள் காகிதம், நீர்வண்ணம், சாயம் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றும், எண்ணெய் ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் என்றும் வைத்திருக்கின்றன. நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேர வெயில், 50 லக்ஸில் 2000 மணி நேரத்துக்குச் சமம். அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 250 நாள். காலையில் அரைமணி நேரம்தானே வெயில் படுகிறது என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். போன் செயலியின் லக்ஸ் அளவு துல்லியமாக இருக்காது, ஆனாலும் 100க்கும் 1000க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். சட்டத்தின் தலையிலேயே பொருத்தும் சூடான ஹாலஜன் விளக்கு வேண்டாம். எல்.இ.டி. வையுங்கள், ஆள் இல்லாதபோது அணையுங்கள், முடிந்தால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள்.

வெளிச்சம் கெடுத்ததை வெளிச்சத்தாலேயே ஈடுசெய்த ஒரு நிகழ்வும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1960களின் தொடக்கத்தில் வரைந்த பெரிய ஓவியங்கள், வெயில் கொட்டும் உணவுக்கூடத்தில் தொங்கி, லித்தால் ரெட் என்ற சிவப்பு வெளுத்துப்போனதால் 1979 வாக்கில் கிடங்குக்குப் போயின. அவற்றின்மேல் வண்ணம் பூசினால் அது ராத்கோ இல்லை. 2014இல் இழந்த நிறத்தை மட்டும் புள்ளிபுள்ளியாகக் கணக்கிட்டு, புரொஜெக்டர் வழியே ஓவியத்தின்மேல் பாய்ச்சினார்கள். அந்தக் கண்காட்சியில் தினமும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டரை அணைத்துவிட்டார்கள். நிறம் போன ஓவியம் எப்படி இருக்கிறது என்பதையும் வந்தவர்கள் பார்த்தார்கள்.

உங்கள் சுவரைச் சோதிக்க அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சீக்கிரம் வெளுக்கும் ஒரு ரோஜா நிறக் காகிதத் துண்டை எடுத்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, படத்தின் பக்கத்திலேயே அதே உயரத்தில் ஒட்டுங்கள். பின்னால் தேதியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அலுமினியத் தாளைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், படத்தை அன்றைக்கே வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.